முழுங்கிப் பழகிய தொண்டைக்கு மெல்லக் கற்றுக்கொடுப்பது: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடும் அன்றாடமும்

தர்மபுரிப் பக்கம் குழந்தைக்குக் களி ஊட்டும்போது முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான்: மெல்லாதே, முழுங்கு. உருண்டையிலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி, மொச்சைக்கொட்டைக் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ புரட்டி வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெடும். நாற்பது வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் முடிந்த மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஞாபகத்தில் ஒரே ஒரு வாய் அப்படி முழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்தது போல நின்றுவிட்டது. எச்சில் நுரை நுரையாக ஊறியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. முக்கால் மணி நேரம் வாசலில் நடந்து, கடைசியில் வாந்தியாக வெளியே வந்த பிறகுதான் ஆசுவாசம்.

டாக்டர் வயிற்றைத்தான் சின்னதாக்கினார். கையும் தொண்டையும், பந்தியில் "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றுகிற கரண்டியும் அப்படியேதான் இருந்தன. பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான், டாக்டர் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த உணவுத் தாளும் இங்கே இருப்பதும் முட்டிக்கொண்டால், அந்தத் தாளைக் கேளுங்கள்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

எடைக்குறைப்புக்கு ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு வகை ஆபரேஷன்தான் அதிகம் செய்கிறார்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். முதலில் 100 முதல் 150 மில்லி கொள்ளும், ஒரு டீ டம்ளர் அளவு. பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது. பைபாஸில் மேலே சுமார் 30 மில்லிக்கு ஒரு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளி இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. அதனால் சத்து உறிஞ்சுவதும் குறையும். உங்களுக்கு எது செய்தார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையிலிருந்து மாம்பழம் வரை எல்லாம் அதைப் பொறுத்தது.

முதல் இரண்டு வாரம்: மூடியால் அளந்து குடிப்பது

முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீர்தான். வெந்நீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசத்தின் மேல்தெளிவு, தண்ணீராகக் கரைத்து வடிகட்டிய மோர். அப்புறம் பால், புரதப் பவுடர் கலந்த பால், வடிகட்டிய சிக்கன் சூப், பால் விட்டு நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி.

இருமல் மருந்துப் பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வருமே, 10 மில்லி கோடு போட்டது, அதைக் கழுவி வைத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மூன்று மூடி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போக வேண்டும் என்பதால் விழித்திருக்கும் நேரம் முழுக்க இதுதான் வேலை. மனைவி ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றில் மார்க்கர் பேனாவால் நேரம் எழுதிக் கோடு போட்டு வைத்தாள்: காலை 10, மதியம் 1, மாலை 4 என்று. கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றால் அன்றைக்கு வசவுதான். கேலியாகத் தெரிந்தாலும், ஆபரேஷன் ஆனவர்கள் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு நீர்ச்சத்துக் குறைவு ஒரு பெரிய காரணம். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் குடிப்பது போதவில்லை.

இந்த இரண்டு வாரமும் ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா, கோலி சோடா, கலர் எதுவும் வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இந்தக் கட்டத்தில் சில அறிகுறிகளுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120க்கு மேல், வயிற்று வலி குறையாமல் ஏறுவது, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது. உள்ளூரில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போன் போடுங்கள். பெங்களூரு, சேலம் என்று வெளியூரில் செய்துகொண்டவர்கள், ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரம்: கடைசல் காலம்

இந்தக் கட்டத்துக்கு நம் ஊர்ச் சமையல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மிக்ஸியைத் தேடும்போது நமக்கு மத்தும் சட்டியும் போதும். துவரம்பருப்போடு கீரையைக் குழைய வேகவைத்து, பச்சை மிளகாயை எண்ணிக்கைக்கு ஒன்று போட்டு, பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தால் அதுவே மருத்துவச் சாப்பாடு. கீரைத் தண்டும் நாரும் மட்டும் வேண்டாம், இலையை மட்டும் ஆய்ந்து போடுங்கள்.

மசித்த முட்டை, கெட்டித் தயிர், மசித்த பனீர், முள் எடுத்துப் பிசைந்த மீன் எல்லாம் இப்போது ஆகும். கே.ஆர்.பி. அணை மீன் கிடைக்கிறவர்கள் பெரிய கட்லாவாக வாங்குங்கள், முள் எடுக்கச் சுலபம். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. பெரிய தட்டில் அது பரிதாபமாகத் தெரியும். பிள்ளையின் பால்சோற்றுக் கிண்ணத்தையும் சின்ன ஸ்பூனையும் எடுத்துக்கொண்டேன், கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கொள்ளு பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் என்று தெரிந்ததுமே தெருவில் பாதிப் பேர் "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிக்கொண்டு கொள்ளு ரசத்தோடு வருவார்கள். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி பயறில்தான் நிற்கும், வேகவைத்த தண்ணீரில் இல்லை. ரசத்தைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைத்தால் புரதம் மாட்டுக்குத்தான். வேகவைத்து அரைத்துக் கடைந்த கொள்ளை, வாயு தாங்குமா என்று பார்த்து, ஒரு கரண்டியில் ஆரம்பியுங்கள்.

ஐந்து முதல் எட்டாவது வாரம் வரை

மெத்தென்ற திட உணவு. பாதி இட்லி, ஆம்லெட், சிக்கன் கொத்துக்கறி, வேகவைத்த ஈரல், தோல் நீக்கிய சுரைக்காய், பீர்க்கங்காய். ஒரு தடவைக்கு ஒரே ஒரு புதுப் பண்டம். ஒத்துக்கொள்ளவில்லையா, அதை விட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு: தட்டின் வரிசை

இனி வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிடலாம், வரிசைதான் வேறு. முதலில் புரதம், அடுத்தது காய், இடம் இருந்தால் கடைசியில் சோறோ களியோ. பிறந்ததிலிருந்து சோற்றை நடுவில் குவித்துப் பழகிய நமக்கு இது தலைகீழ். ஆனால் ஒரு வேளைக்கு உள்ளே போவதே ஒரு கைப்பிடி, அதில் பாதியைச் சோறு பிடித்துக்கொண்டால் தசை கரையும்.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பார்கள். கேட்பதற்கு லேசாக இருக்கும், கணக்குப் போட்டால்தான் கஷ்டம் தெரியும். மண்டிக்காரன் என்பதால் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதியே பழகினேன். என் சாதாரண நாள் இப்படி:

காலை 5 மணி: பால் 150 மில்லியில் ஒரு ஸ்கூப் புரதப் பவுடர், சுமார் 25 கிராம். (பவுடருக்குப் பவுடர் மாறும், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்.)
8 மணி: அவித்த முட்டை இரண்டு, 12 கிராம். பிறகு பாதி தோசை.
11 மணி: பச்சைப்பயறு சுண்டல் அரைக் கப், 7 கிராம்.
1.30: வெந்த மீன் அல்லது கோழி நான்கைந்து துண்டு, சுமார் 18 கிராம். இரண்டு கரண்டிக் கீரை, எலுமிச்சை அளவு களி.
5 மணி: பனீர் 50 கிராம், 9 கிராம்.
8 மணி: பருப்புக் கடைசல் அரைக் கப், 6 கிராம். ஓர் இட்லி.

கூட்டினால் 77. சைவம் மட்டும் என்றால் சோயா உருண்டையைச் சேர்க்காமல் இந்த எண்ணைத் தொடுவது கஷ்டம்.

மெல்லும் பாடம் இங்கேதான் வருகிறது. ஒரு வாய் சுண்டைக்காய் அளவு, இருபது இருபத்தைந்து தடவை மெல்லுதல், அடுத்த வாய்க்கு முன் கையைக் கீழே வைத்தல், மொத்தம் இருபது முதல் முப்பது நிமிஷம். களியை நான் இப்போது குழம்பில் நன்றாகக் கரைத்து, ஸ்பூனால் சாப்பிடுகிறேன். அம்மா பார்த்துவிட்டு, "களியைப் போய் யாராச்சும் ஸ்பூன்ல சாப்பிடுவாங்களாடா?" என்றார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டும் காட்டினார். குழைந்த சோறு, மைதா பரோட்டா, புது பிரெட் எல்லாம் உள்ளே போய்க் களி போலவே திரண்டு அடைக்கும். முறுகலான தோசை அவற்றைவிட நன்றாக இறங்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிடுவதற்குக் கால் மணி முன்பே நிறுத்தி, முடித்து அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் ஒன்று, பை நிரம்பி வாந்தி வரும். இல்லையென்றால் சாப்பாடு சீக்கிரம் கீழே கழுவிப் போய் மறுபடி பசிக்கும். இலைக்குப் பக்கத்தில் சொம்பு வைக்கிற வழக்கத்தை எங்கள் வீட்டில் முதல் ஆறு மாதம் நிறுத்தியே விட்டோம்.

போதும் என்பதைப் பழைய வயிறு நிறைந்த உணர்வாக எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அது ஒரு விக்கலாக வருகிறது. சிலருக்கு மூக்கில் நீர் வடியும், சிலருக்கு ஒரு தும்மல். அது வந்த பிறகு ஒரு வாய்கூட வேண்டாம்.

மாம்பழ சீசன்

வைகாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் எந்த வீட்டிலும் மாம்பழம் நறுக்காமல் அனுப்ப மாட்டார்கள். முதல் வருஷம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு டம்ளர் மாம்பழ ஜூஸ், சர்க்கரை போட்டது, மரியாதைக்காகக் குடித்துவிட்டேன். பதினைந்து நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, சட்டை நனைந்தது, வயிறு முறுக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஹார்ட் அட்டாக் என்று வீடே பதறிவிட்டது. இதற்கு டம்பிங் என்று பெயர். இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் இறங்கும்போது உடம்பிலிருந்து நீரை அங்கே இழுத்துக்கொள்கிறது. பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரும். இன்னொரு வகை தாமதமாக, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். இனிப்புக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை சடாரென்று இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதற்காக மாம்பழமே கூடாது என்றில்லை. ஜூஸ் வேண்டாம், பழமாக, சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு துண்டு, மென்று. செந்தூராவில் இரண்டு துண்டு எனக்கு ஒன்றும் செய்வதில்லை.

மாத்திரை டப்பா

எடை குறைந்துவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்திவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்புச்சத்து எல்லாம் ஆயுசுக்கும் தேவைப்படுபவை. பி12 மாத்திரையாகவா ஊசியாகவா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும்.

"நாமதான் கேழ்வரகு சாப்பிடறோமே, கால்சியம் எதுக்கு?" என்று என் மனைவியே கேட்டாள். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, தானியங்களில் அதுதான் ராஜா. ஆனால் என் எலுமிச்சை அளவுக் களியில் இருப்பது 20 கிராம் மாவு, அதாவது 70 மில்லிகிராம். தேவையோ 1200 முதல் 1500. அமிலம் குறைந்த வயிற்றுக்கு கால்சியம் கார்பனேட்டைவிட கால்சியம் சிட்ரேட் நன்றாகச் சேரும். ஒரு தடவைக்கு 500க்கு மேல் உடம்பு ஏற்காது, பிரித்துப் போட வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு போட்ட கையோடு டீ குடித்தால் போட்டது வீண்.

பழைய மாத்திரைகள் இன்னும் முக்கியம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போட்டுக்கொண்டிருந்த அளவு முதல் வாரத்திலேயே அதிகமாகிப் போகலாம். பழைய அளவு இன்சுலினைப் போட்டுவிட்டு மூன்று கரண்டிக் கடைசல் சாப்பிட்டால் மயக்கம் நிச்சயம். குளுக்கோமீட்டரில் தினமும் பாருங்கள், அளவைக் குறைப்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முட்டி வலி, முதுகு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவர்களுக்கு ஆகவே ஆகாது. பையும் குடலும் சேரும் தையலில் புண் வைத்துவிடும். எனக்கு ஒரு தடவை கடைக்காரர் வெறும் கலர் மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், நானும் என்னவென்று கேட்காமல் போட்டேன். நான்கு நாள் வயிற்றெரிச்சல். இப்போது பாரசிட்டமால் என்று பேர் சொல்லித்தான் வாங்குகிறேன். பீடி, சிகரெட்டும் அதே புண்ணை வரவழைக்கும். சாராயம் முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், பழைய அளவு என்று நம்பி வண்டி எடுக்கக் கூடாது.

வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றால் பி1 வைட்டமின், அதாவது தயமின் தீர்ந்துபோகும். நம் ஊரில் சோர்ந்துபோனால் முதல் வேலை ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தயமின் ஊசி போட வேண்டுமா?" என்று ஊசி குத்தும் முன் கேளுங்கள்.

வேலை, பந்தி, கண் திருஷ்டி

நடை முதல் நாளிலிருந்தே, வீட்டுக்குள்ளேயாவது. கனம் தூக்குவது ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு. தக்காளிப் பெட்டி இறங்கும்போது கை தானாக நீளும், நான் பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஓசூர்ப் பக்கம் ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் நைட் ஷிப்டுக்குப் போகும்போதும் ஆறு வேளைக் கணக்கை மாற்றாதீர்கள், கடிகாரத்தை மட்டும் நகர்த்துங்கள்.

பந்தியில் முதல் வருஷம் கஷ்டம். பரிமாறுகிறவரிடம் மறுத்து மறுத்துப் பேசுவதைவிட, இலையில் முதலிலேயே கூட்டு, பொரியல், பருப்பை வாங்கிக்கொண்டு, சோறு வரும்போது இலைக்கு மேல் கையை விரித்துவிடுவது சுலபம். பக்கத்து இலைப் பெரியவர் "என்னப்பா, கோழி கொத்தற மாதிரி?" என்றால், "டாக்டர் உத்தரவுங்க" என்று ஒரே வரி. கிடா விருந்தில் கறித்துண்டு நாராக நிற்கும், ஈரலையும் கொத்துக்கறியையும் கேட்டு வாங்குங்கள். ஒகேனக்கல் போனால் வறுத்த மீனின் மசாலா மேலோட்டை நீக்கிவிட்டு உள்சதை மட்டும்.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை சீப்பில் முடி கொத்தாக வரும். வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் காரணம் வேகமாக எடை இறங்கியதுதான், புரதமும் இரும்பும் சரியாகப் போனால் திரும்ப முளைக்கும். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "ஏன் இப்படி வத்திப் போயிட்டே, சுகரா?" என்பார்கள். இளைத்ததில் இருந்த சுகரும் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகம். அதற்காக ஆறு மாதம் மாத்திரை எழுதியிருந்தால் விடாமல் போடுங்கள். வலது விலாவுக்குக் கீழே, எண்ணெய்ப் பண்டத்துக்குப் பிறகு வலி வந்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்து ஒதுக்காதீர்கள். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிப்பு சுலபமாகிவிடும், பைபாஸ் ஆனவர்கள் கர்ப்பத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. மகளிர் டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள்.

ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து எடை மெல்லத் திரும்பும். பெரிய சாப்பாட்டால் வருவதில்லை அது. மண்டியில் ஒரு நாளைக்கு ஆறு டீ வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன், 60 கிராம், 240 கலோரி. சின்ன வயிறு டீயைத் தடுக்காது, மிக்சரையும் தடுக்காது, இரண்டும் வழுக்கிக்கொண்டு போய்விடும். எனக்கு 4 கிலோ அப்படித்தான் ஏறியது. இப்போது டீ இரண்டு, சர்க்கரை இல்லை.

ரத்தப் பரிசோதனை 3, 6, 12 மாதங்களில், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் "பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். கேட்கிறவர்கள் ஹார்ட் என்று எழுதிக்கொள்வார்கள். தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் அப்படிச் சொன்னபோது, சீட்டு எழுதுகிற பையன், "பைபாஸ்ல எந்த எடத்துலண்ணா அடிபட்டுச்சு?" என்று கேட்டான்.